ரத்தக்குழாய் பொருந்தவில்லை

அத்தியாயம் 17

போன வாரம் போராமைச் சியோல் ஆஸ்பத்திரியின் ஏழாவது மாடியில் வெறும் வயிற்றோடு உட்கார வைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் சாப்பிடவில்லை. இரண்டரை மாதமாகவே அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை. ஈரலில் கொழுப்பு இருக்கிறது, இப்படியே தானம் கொடுக்க முடியாது என்று சொன்ன அன்றைக்கே சோற்றைப் பாதியாக்கினாள். சாங்வோன் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்த கையோடு தினமும் இரண்டு மணி நேரம் நடந்தாள். ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. முப்பத்து நாலு வயதில் கன்னம் ஒட்டிப்போய், குளத்துக்கு வரும் பெண்கள் எல்லாம் என்ன உடம்புக்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கதையை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. அப்பா தாக் ஜோங்பால், டோங்யோங் துறைமுகத்தில் மீன்படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். பிறந்தபோதே பெற்றவளிடமிருந்து தொற்றிய காமாலைக் கிருமி அறுபத்து மூன்று வருஷம் சாதுவாக இருந்துவிட்டு, ஈரலைக் கல்லாக்கி, போதாக்குறைக்கு இரண்டு கட்டியையும் வைத்துவிட்டது. இறந்தவர் ஈரலுக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தால், முறை வரும்போது ஆள் இருக்கமாட்டார். இந்த நாட்டில் அதற்கு ஒரே வழிதான். பிள்ளைகளில் ஒருவர் தன் ஈரலின் வலது பாதியைக் கொடுக்க வேண்டும்.

மூத்தவன் கியூஹோ வசந்த காலத்திலேயே வந்து எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டான். ரத்தக்குழாய் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவன் அழுத அழுகையை அப்பா துறைமுகம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அடுத்தது போராம். அறுவை சிகிச்சை இந்த வியாழக்கிழமை. இன்று செவ்வாய், காலை பத்து மணி.

டாக்டர் பியோ அவளை உள்ளே கூப்பிட்டார்.

ஐம்பது வயதுக்காரர், சிரிக்கத் தெரியாதவர் என்று மாடி முழுக்கப் பேர். கணினியில் இருந்த படத்தை அவளுக்குக் காட்டாமல், வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்துப் பேனாவால் வரைய ஆரம்பித்தார். அவர் தாளை எடுத்தால் விஷயம் சின்னதில்லை என்று மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

"குடல்லேருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் இது. எல்லாருக்கும் இங்க வந்து ரெண்டாப் பிரியும். உங்களுக்கு மூணாப் பிரியுது. நூறு பேர்ல பத்துப் பதினஞ்சு பேருக்கு இப்படி இருக்கும், அதனால உங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனா உங்க வலது பாதியை வெட்டி எடுத்தா, எங்க கையில ஒரு வாய்க்குப் பதிலா ரெண்டு வாய் நிக்கும். அப்பாகிட்ட இருக்கறது ஒரே குழாய்."

இதை ஒரு மாதத்துக்கு முன்பே நர்ஸ் அவளிடம் சொல்லியிருந்தாள். சின்ன வித்தியாசம், டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று ஒரே வரி. போராமும் அதைச் சின்னதாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

பியோ முதலில் போட்டிருந்த திட்டம் சுலபமானது. அப்பாவின் கெட்டுப்போன ஈரலை எடுத்தெறியும்போது, அதிலுள்ள குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவட்டையாக வெட்டி எடுத்துக்கொள்வது. கவட்டையின் இரண்டு கிளைகளையும் போராமின் இரண்டு வாய்களில் தைத்துவிட்டால், அடிப்பக்கம் ஒரே குழாயாகிவிடும். அதை அப்பாவுக்குப் பொருத்திவிடலாம். அவருடைய சதைதான், அவர் உடம்பு மறுக்காது. இந்த மாதிரி பியோ நிறையச் செய்திருக்கிறார்.

ஆனால் நேற்று எடுத்த படத்தில் அந்தக் கவட்டைக்குள்ளேயே ரத்தம் உறைந்து கிடக்கிறது. திறந்து பார்த்து, உறைந்ததை உருவி எடுத்தபின் சுவர் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், இறந்தவர் ஒருவரிடமிருந்து எடுத்து உறையவைத்திருக்கும் கவட்டை ஒன்று இருக்கிறது, அதை உருக்கித் தைக்க வேண்டும். தையல் கூடக்கூட, தைத்த இடத்தில் ரத்தம் உறைகிற பயமும் கூடும். அவள் பக்கத்திலும் கவனம் வேண்டும். வெட்டிய இடத்தைத் தைக்கும்போது மிச்சமிருக்கும் குழாய் சுருங்கிவிட்டால், அவளுக்கு மிஞ்சும் ஈரலுக்கு ரத்தம் குறையும்.

"என்னால முடியும்னுதான் சொல்றேன்" என்றார் பியோ. "ஆனா முன்னாடி சொன்ன அளவுக்குச் சுலபம் இல்லை. அதை உங்களுக்குச் சொல்லாம நான் கத்தி எடுக்கக் கூடாது."

ஒரு மாதம் தள்ளிப்போடலாமா, அதற்குள் மருந்தில் உறைந்தது கரையாதா என்று போராம் கேட்டாள். அப்பாவுக்கு உணவுக்குழாயில் ஏற்கெனவே இரண்டு தடவை ரத்தம் கசிந்திருக்கிறது; உறைவைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் அங்கே பொத்துக்கொள்ளும். கொடுக்காவிட்டால் உறைவு கீழே இறங்கிக்கொண்டே வரும். குடல் குழாய்கள் சேரும் இடம் வரை இறங்கிவிட்டால் அதன் பிறகு தைக்க இடமே இருக்காது. வியாழனை விட்டுவிட்டு அடுத்த வாரம் என்று தன்னைக் கேட்க வேண்டாம் என்றார்.

போராம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மனசில் பட்டதைக் கேட்டாள்.

"எங்க அண்ணனுக்கும் இதேதானே டாக்டர்? பரம்பரையா வர்றதா இது?"

பியோவின் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற தான ஒருங்கிணைப்பு நர்ஸ் திருமதி ஓக், கையிலிருந்த கோப்பைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

"இன்னொருத்தர் படத்தைப் பத்தி நான் பேசக் கூடாது" என்றார் பியோ. சாயங்காலம் நாலு மணிக்கு ஓக் அவளைத் தனியாகப் பார்ப்பாள் என்றும், கடைசிச் சம்மதம் அப்போதுதான் என்றும் சொல்லி எழுந்துகொண்டார்.

அந்தப் பதில் போராமுக்குப் பெரிதாகப் படவில்லை. டாக்டர்களுக்கு ஆயிரம் விதி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் மனசெல்லாம் அப்பாவின் கவட்டையில்தான் இருந்தது.

அம்மா மாடிக் கோடியிலிருந்த சின்னச் சமையலறையில் இருந்தாள். நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் சோறு சூடு பண்ணிக்கொள்ளவும் பார்லித் தண்ணீர் பிடித்துக்கொள்ளவும் அங்கேதான் வருவார்கள். அம்மாவின் பெயர் சுன்ரே. ஆனால் டோங்யோங்கில் சிப்பி உடைக்கும் கொட்டகையில் முப்பது வருஷமாகக் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் அவள் கியூஹோ அம்மாதான். போராம் அம்மா என்று அவளை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

போராம் தாளில் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினாள். ரத்தக்குழாய் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அம்மாவின் கை நின்றுவிட்டது. வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீயும் சொல்லச் சொல்லிட்டியா?"

"எதை?"

"அதான். குழாய் சரியில்லைன்னு."

போராமுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "நான் எதுக்கும்மா சொல்லச் சொல்லணும், நிஜமாவே மூணாப் பிரியுது" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்தாள். தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட மாதிரி அம்மா திருதிருவென்று விழித்தாள்.

"நீயும்னா? வேற யாரு சொல்லச் சொன்னாங்க?"

சூடு பண்ணும் பெட்டி மணியடித்தது. அம்மா சோற்றை எடுக்கவில்லை.

எத்தனை நேரம்தான் மறைப்பாள். வசந்த காலத்தில், பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அம்மாள் ஒருத்தி விவரம் தெரிந்தவள். தானம் கொடுக்க வருகிறவரைக் கடைசியில் தனியறையில் உட்காரவைத்து, மனசார வந்தீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு வார்த்தை துருவமாட்டார்கள். வெளியே வந்து வீட்டாரிடம் ரத்தக்குழாய் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். சொந்தக்காரர்கள் ஏச்சிலிருந்து ஆளைக் காப்பாற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்திருக்கும் வழி அது. நல்ல வழிதான், யார் மீதும் குற்றமில்லை. அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டு நேரே போய் கியூஹோவிடம் சொன்னாள்.

"அவனா கேக்கலை. நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "ரெண்டு குழந்தையை வெச்சிருக்கான். கப்பல் கட்டற வேலை, வெயிட்டுத் தூக்கணும். வம்சத்துக்கு ஒரே பையன், நாளைக்கு உங்கப்பாவுக்குப் படையல் போட அவன்தான். கத்தி பட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்த வீடே போச்சு."

"எனக்கு ஏன்மா இப்படி ஒரு வழி இருக்குன்னு சொல்லலை?"

அம்மா உடைந்துபோவாள் என்றுதான் போராம் எதிர்பார்த்தாள். அப்படியெல்லாம் நடக்கவில்லை. சிப்பிக் கத்தியில் வெட்டுப்பட்டுத் தழும்பேறிய விரல்களால் அம்மா மேசையிலிருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"உனக்கும் சொல்லியிருந்தா உங்கப்பாவுக்கு யாரு கொடுப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக மனசுக்குள்ளேயே வைத்திருந்த கணக்கை வெளியே சொன்ன குரல்தான். அதனால்தான் போராமுக்கு அது அப்படிச் சுட்டது. அம்மா தன்னை வெறுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வெறுப்பும் இல்லை ஒன்றும் இல்லை, இரண்டு பிள்ளையில் எது போனால் பரவாயில்லை என்று பார்த்து எடுத்து வைத்திருக்கிறாள். போராம் படியிறங்கிப் போய்விட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு கியூஹோ உல்சானிலிருந்து வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு என்று கடை கடையாக அலைந்து வாங்கிய அபலோன் சிப்பிக் கஞ்சி கையில். கீழ்த்தளக் கூடத்தில் தங்கையைப் பார்த்ததும் சாப்பிட்டியா என்று கேட்டான். வியாழன் வரை எனக்கு அளந்துதான் சோறு என்றாள் அவள். அப்புறம் சுற்றி வளைக்காமல் அம்மா சொன்னதைச் சொன்னாள்.

கியூஹோ மறுக்கவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, தோள் அகலமானவன், அந்தக் கூட்டத்துக்கு நடுவே கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்து வைத்து எடுத்தான்.

"கையெழுத்துப் போடத்தான் உள்ள போனேன். சத்தியமா. அம்மா சொன்னது காதுலயே இருந்துச்சு. அந்த நர்ஸம்மா கேட்டதும் வாய் தன்னால வேண்டாம்னு சொல்லிடுச்சு. சொன்னப்புறம் திருப்பி எடுக்கத் தைரியம் வரலை."

"உன் குழாய் எப்படி இருந்துதுன்னு சொன்னாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரே குழாய், நேராக வந்து இரண்டாகப் பிரிகிறது, பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாளாம். எல்லாப் பரிசோதனையும் முடித்தாயிற்று, கோப்பு இன்னும் அவர்களிடமேதான் இருக்கிறது.

போராம் அவனுக்குப் பொறுமையாக விளக்கினாள். தன் பாதியைக் கொடுத்தால் கவட்டை வேண்டும், அப்பாவின் கவட்டையில் ரத்தம் உறைந்துவிட்டது, இன்னொருவர் கவட்டையைத் தைத்தால் அப்பாவுக்கும் ஆபத்து தனக்கும் கொஞ்சம் ஆபத்து. அவன் பாதியைக் கொடுத்தால் கவட்டையே வேண்டாம், ஒரு வாயை ஒரு வாயோடு தைத்தால் முடிந்தது. சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். நீ கொடு என்று அவள் வாயால் கேட்கவில்லை. அதை அவன் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். கூடத்தில் நூறு பேர் போனார்கள் வந்தார்கள்.

"ஹேரின்கிட்ட என்னன்னு சொல்றது" என்றான் கியூஹோ. ஹேரின் அவன் மனைவி.

போராம் தரையிலிருந்த கஞ்சிப் பையை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். அப்பாவிடம் சொல்லிவிடுவாயா என்று கேட்டான். சொன்னால் அப்பா என்ன ஆவார் என்றுதான் அவள் யோசித்தாள். தன் ரத்தத்திலிருக்கும் கோளாறுதான் பிள்ளைக்கும் வந்து அவனைக் கொடுக்கவிடாமல் பண்ணிவிட்டது என்று அப்பா ஆறு மாதமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார். மகனுக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லி உடம்பு இளைத்ததும் அவர்தான்.

நாலு மணிக்கு ஓக்கின் அறையில் கதவு சாத்தப்பட்டது. ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. ஓக் தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். மேசைமேல் படிவத்தை வைத்துவிட்டு, எல்லோரிடமும் கேட்பதை இவளிடமும் கேட்டாள். மனசார வந்திருக்கிறீர்களா, யாராவது வற்புறுத்தினார்களா.

"வேண்டாம்னு நான் சொன்னா என்ன சொல்லுவீங்க வெளிய?"

ஓக் அவளை நேராகப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது.

"ரத்தக்குழாய் பொருந்தலைன்னு சொல்லுவோம். உங்க விஷயத்துல அது பொய்யாவும் இருக்காது."

அதற்கு மேல் அவள் இழுக்கவில்லை, தள்ளவும் இல்லை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னாள். வியாழனன்று பக்கத்துப் பக்கத்து அறுவை அறை இரண்டும் நாள் முழுக்க இவர்களுக்கு. வேண்டாம் என்றால் ஐந்து மணிக்குள் அந்த அறைகளைக் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்களும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள்தான்.

போராம் படிவத்தைப் பார்த்தாள். பிள்ளைப் பிராயத்திலிருந்து அவள் வீட்டில் நல்ல துண்டு மீன் எந்தத் தட்டுக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கெல்லாம் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உடம்பையே கொடுக்கிறேன் என்று வந்தபிறகு, கொடுப்பதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் எப்படியிருக்கும் சொல்லுங்கள். அவள் மனசு கொதித்தது. தன் கதவை அடைத்தால் அண்ணன் வந்துதான் ஆக வேண்டும். கோப்பு தயாராக இருக்கிறது, குழாய் நேராக இருக்கிறது, அப்பாவுக்கும் அதுதான் நல்லது. இப்படித்தான் அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். அதில் அப்பாவுக்கான அக்கறை எவ்வளவு, அம்மா மேலிருந்த ஆத்திரம் எவ்வளவு என்று அந்த நிமிஷம் அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாள்.

"வேண்டாம்" என்றாள்.

ஓக் பேனாவை எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் வெளியே போய்விட்டு வரட்டுமா என்று கேட்டாள். போராம் தலையை ஆட்டி மறுத்தாள். இரண்டாவது தடவையும் அதே கேள்வி, அதே பதில். அதன் பிறகு ஓக் எழுதிக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் அம்மாவும் கியூஹோவும் காத்திருந்தார்கள். ஓக் அவர்கள் முன்னால் நின்று, இன்னும் நுணுக்கமாகப் பார்த்ததில் ரத்தக்குழாய் பொருந்தவில்லை, வியாழக்கிழமை அறுவை சிகிச்சை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா மகளைப் பார்த்த பார்வையில் ஏச்சும் இல்லை கெஞ்சலும் இல்லை. நீயும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்கிற மாதிரி ஒரு பார்வை. போராம் கண்ணை விலக்கவில்லை. அடுத்தது யார் வாயைத் திறக்கிறார்கள் பார்ப்போம் என்று நின்றாள்.

கியூஹோ எழுந்தான். ஓர் அடி முன்னால் வந்தான். சொல்லத்தான் வந்தான் என்று போராம் இன்றைக்கும் நம்புகிறாள். ஆனால் அம்மா முந்திக்கொண்டாள். அவன் சட்டைக் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் திருப்பினாள்.

"நீ கிளம்பு. ஆறு மணி வண்டியைப் பிடி."

"அம்மா, அப்பா..."

"அப்பாவை நான் பார்த்துக்கறேன். நீ போ."

முப்பத்தொன்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்திய மனிதர். அவரையும் மகனையும் இரண்டு பக்கம் வைத்து, அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டேதான் இருந்தது, துடைக்கவும் இல்லை, சட்டைக் கையை விடவும் இல்லை. கியூஹோ நாலடி தயங்கி நடந்தான். லிஃப்ட் வந்தது. அதில் ஏறிவிட்டான்.

போராம் அப்பாவின் அறைக்குப் போனாள். தாழ்வாரத்தில் நிற்க முடியாமல்தான் போனாள்.

ஜோங்பால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் மஞ்சள், கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் நீர் கோத்து முட்டிக்கொண்டிருந்தது. மகள் வருவதைப் பார்த்ததும் கட்டிலில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. போராமே சொன்னாள். குழாய் பொருந்தலையாம்ப்பா என்றாள். அம்மாவைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ சொல்ல வாய் வரவில்லை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. அதிர்ந்துவிட்டார் என்று பயந்து அவள் மணியை அழுத்தப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு, போராமா."

அவர் ஒதுங்கி விட்டிருந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சாகப் பயமாத்தான் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உன்னைப் பக்கத்து அறையில படுக்க வெச்சு வயித்தைத் திறக்கறாங்கன்னு நெனச்சா அதைவிடப் பயமா இருந்துது. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், எம்பொண்ணு வேண்டாம்னு. உங்கம்மா விடலை." மூச்சு வாங்கியது, நிறுத்திக்கொண்டு மறுபடி சொன்னார். "தண்ணியில இறங்கறவ நீ. வயித்துல இவ்வளவு பெரிய தையலோட எப்படி நிப்பே அத்தனை பிள்ளைங்க முன்னாடி. எனக்கு அதேதான் நெனப்பு."

அவ்வளவுதான். கையை மட்டும் அவர் விடவில்லை. இந்த வீட்டில் தன்னைப் பற்றிக் கவலைப்பட ஓர் ஆள் இருந்திருக்கிறது என்று போராமுக்கு அந்த நேரத்தில்தான் தெரிந்தது. அந்த ஆளைத்தான் இருபது நிமிஷத்துக்கு முன்னால் கைவிட்டுவிட்டு வந்திருக்கிறாள். அம்மாவுக்குப் பாடம் புகட்டப் போய்ப் பலிகொடுத்தது இவரை.

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள். இதோ வந்துடறேன்ப்பா என்றாள். தாழ்வாரத்தில் நடந்தவள் ஓட ஆரம்பித்துவிட்டாள். செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பது. ஐந்தாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.

ஓக்கின் அறைக் கதவு திறந்தேயிருந்தது. அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். போராம் மூச்சிரைக்க மேசையில் கையூன்றிக்கொண்டு, கொடுக்கிறேன், படிவத்தைத் தாருங்கள் என்றாள். ஓக் பேச்சை முடித்துத் தொலைபேசியைக் கீழே வைத்தாள். இவள் முகத்தைப் பார்த்து முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது.

"கொடுத்துட்டேன்மா. தேகுவிலேருந்து ஒரு குடும்பம். அந்தம்மாவுக்கு மருந்து ஏத்த ஆரம்பிச்சிட்டாங்க."

"அஞ்சு மணி வரைக்கும்னு சொன்னீங்களே."

"ரெண்டு தடவை கேட்டேனே."

அடுத்து இரண்டு அறையும் சேர்ந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். ஓக் பதிவேட்டைப் புரட்டினாள். பதினோரு நாள் கழித்து. அதுவரை அந்த உறைவு கீழே இறங்காமல் இருக்குமா என்று போராம் கேட்டாள். ஓக் பியோவின் அறைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

போராம் ஒற்றைச் செருப்போடு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தையைத்தான் அவளும் சொன்னாள். அவன் சொன்னபோது அப்பாவுக்கு இன்னொரு பிள்ளை மிச்சமிருந்தது.